மதகும் மகிழுந்தும்

மழை நம் விருப்பப்படி பெய்வதில்லை. ஓராண்டு கொட்டித் தீர்க்கும். மறு ஆண்டு பொய்த்துப் போகும். பயிருக்கோ நாள்தோறும் அளவாக நீர் வேண்டும். மழையின் ஒழுங்கின்மைக்கும் பயிரின் ஒழுங்கான தேவைக்கும் இடையே நம் முன்னோர் ஏரியை அமைத்தனர். மிகுந்த நீர் கலிங்கின் வழியே வழிந்தோடும். வேண்டிய நீர் மதகின் வழியே வயலை அடையும். ஏரி இல்லாத ஊரில் வெள்ளமும் வறட்சியும் நேரே உழவன் தலைமேல்தான் விழும்.

மகிழுந்துத் தொழிலைப் பற்றி எழுத வந்தவன் ஏரியைப் பற்றிப் பேசுவானேன் என்று அன்பர்கள் வியக்கலாம். வாங்குவோரின் விருப்பமும் மழையைப் போன்றதே. எரிபொருள் விலை ஏறினால் மக்கள் சிறிய வண்டியைத் தேடுவர். வட்டி குறைந்தால் பெரிய வண்டியைக் கேட்பர். அரசு புகைவிதியை மாற்றப் போகிறது என்று கேள்விப்பட்டால் எதையும் வாங்காமல் காத்திருப்பர். ஆனால், ஒரு புதிய வண்டியை வரைந்து, அதற்கான அச்சுகளை வார்த்து, இயந்திரங்களை நிறுவி விற்பனைக்குக் கொண்டுவரச் சில ஆண்டுகள் ஆகின்றன. அங்கு உழைப்பவரின் இல்லத்துக்கோ மாதந்தோறும் ஒரே அளவாக வருவாய் வேண்டும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் விற்பனைப் புள்ளிவிவரத்தைப் பார்த்துக் குறைவதில்லை. அவ்வாறாயின், மழை போன்ற சந்தைக்கும் வயல் போன்ற இல்லத்துக்கும் இடையே நிற்கும் ஏரி எது?

தமிழ் பயிற்றுவிப்பதைத் தொழிலாகக் கொண்ட என் உள்ளத்தில் இவ்வினாவை எழுப்பியவர் எங்கள் துறையில் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், செவ்வாய்க்கிழமை ஒன்றில், சான்றிதழ் நகல் பெறுவதற்காக அவர் கல்லூரிக்கு வந்திருந்தார். திருப்பெரும்புதூர்ப் பகுதியில் தகடுகளை அழுத்தி உதிரிப்பாகம் செய்யும் சிறிய ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளராக அவர் இருந்தார். "இன்று விடுப்பா?" என்று கேட்டேன். "விடுப்பு இல்லை ஐயா, வேலையே இல்லை. ஆர்டர் குறைந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள்தான் மிஷின் ஓடுகிறது. வர வேண்டுமா, வேண்டாமா என்று முதல் நாள் இரவு போனில் சொல்வார்கள். பர்மனென்ட் ஆட்களுக்குப் பாதிச் சம்பளமாவது உண்டு; எங்களுக்கு அதுவும் கிடையாது" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. வானிலையைப் பற்றிப் பேசுவார் போலவே பேசினார்.

அந்த ஆகஸ்டில் இந்தியாவில் பயணிகள் வண்டிகளின் விற்பனை, முந்தைய ஆண்டின் அதே மாதத்தை நோக்க, 31 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்திருந்தது. காரணங்கள் பலவாகும். 2018இல் பெரிய நிதி நிறுவனம் ஒன்று கடனைத் திருப்ப இயலாமல் சரிந்ததால், வண்டிக்கடன் வழங்கும் நிறுவனங்களின் கை இறுகிற்று. அதே ஆண்டு செப்டம்பர் முதல், புதிய மகிழுந்து வாங்குவோர் மூன்றாண்டுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டை முன்கூட்டியே கட்ட வேண்டியதாயிற்று. 2020 ஏப்ரல் முதல் 'பாரத் ஸ்டேஜ் ஆறு' என்னும் புகைவிதி வரவிருந்ததால், பலர் வாங்குவதைத் தள்ளிப்போட்டனர். இக்காரணங்களுள் எதனையும் என் மாணவர் உண்டாக்கவில்லை. ஆயினும் அவை யாவும் திரண்டு அவருடைய செவ்வாய்க்கிழமையின்மேல் வந்து விழுந்திருந்தன. அதன்பின் இத்தொழிலின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். ஆலைகள் உற்பத்தியைக் கூட்டியும் குறைத்தும் வந்த முறைகளைக் காணுந்தோறும், அச்சுமையை ஒவ்வொரு முறையும் யார் தாங்கினர் என்பதே என் கண்ணில் பட்டது.

முதலில் ஹென்றி ஃபோர்டு. 1908இல் அவர் 'மாடல் டி' என்னும் வண்டியைச் சந்தைக்குக் கொணர்ந்தார். 1913இல் டெட்ராய்ட் நகரை அடுத்த ஹைலண்ட் பார்க் ஆலையில், தொழிலாளர் நிற்க வண்டி நகரும் பொருத்துவரிசை உருவாயிற்று. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த அடிச்சட்டப் பொருத்தல் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1914இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் ஊதியம் என்று அவர் அறிவித்தபோது உலகமே வியந்தது. இத்தனை வெற்றிக்கும் அடிப்படை ஒன்றே: ஒரே வண்டி, ஒரே வடிவம், அதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரங்கள்.

ஆனால், மக்கள் மாறினர். முதல் வண்டியாக மாடல் டி வாங்கியவர் இரண்டாம் வண்டியாக மூடிய கூண்டும் வண்ணமும் வசதியும் கொண்டதை விரும்பினார். ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைமையேற்றிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், செவ்ரோலே முதல் கேடிலாக் வரை படிப்படியாக வண்டிகளை அடுக்கி, ஆண்டுதோறும் தோற்றத்தைப் புதுப்பித்து, தவணைக் கடனும் தந்தது. ஃபோர்டு நெடுநாள் இணங்கவில்லை. இறுதியில் 1927 மே மாதத்தில், ஒன்றரைக் கோடி வண்டிகளைக் கண்ட மாடல் டி நிறுத்தப்பட்டது. அடுத்த வண்டியின் வடிவமைப்பே முற்றுப்பெறாத நிலையில் ஆலைகள் அமைதியாயின. ஒரே வேலைக்கெனச் செய்யப்பட்ட இயந்திரங்களை மாற்றாமல் புது வண்டியைச் செய்ய இயலவில்லை. 'மாடல் ஏ' வெளிவந்தது அவ்வாண்டு டிசம்பரில்தான்.

அந்த ஆறு மாதங்களை ஃபோர்டு தாங்கினார். அவரிடம் செல்வம் என்னும் பேரேரி இருந்தது. வேலையிழந்த பல்லாயிரம் தொழிலாளரிடம் அத்தகைய ஏரி ஏதும் இல்லை. வேலையற்றோர்க்கான காப்பீடு அமெரிக்க நாட்டில் சட்டமானது 1935இல்தான். ஆகவே புது வண்டி பிறப்பதற்காக ஆலை எடுத்துக்கொண்ட ஓய்வுக்கு, டெட்ராய்ட் நகரத்து அடுப்புகளும் ஓய்ந்து விலை கொடுத்தன.

இனி ஜப்பானுக்குச் செல்வோம். டொயோட்டா நிறுவனத்தின் வேர் தறியில் இருக்கிறது. சாக்கிச்சி டொயோடா என்பவர் 1924இல் தானியங்கித் தறி ஒன்றை முழுமைப்படுத்தினார். இழை அறுந்தால் அது தானே நின்றுவிடும். குறையுள்ள துணியை நெய்துகொண்டே போவதைக் காட்டிலும் நிற்பது மேல் என்பது அதன் தத்துவம். 1929இல் அதன் உரிமை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அவருடைய மகன் கீச்சிரோவின் முயற்சியால் 1937இல் மோட்டார் நிறுவனம் தனியே எழுந்தது.

போருக்குப் பின், 1949இல், பணவீக்கத்தை அடக்க ஜப்பானில் கடுஞ்சிக்கனக் கொள்கை புகுத்தப்பட்டது. வாங்குவோர் கையில் பணமில்லை. செய்த லாரிகள் விற்கவில்லை. விற்றவற்றுக்கும் தொகை வரவில்லை. 1950இல் டொயோட்டா முறியும் நிலையை அடைந்தது. ஆட்குறைப்பு வேண்டும் என்று வங்கிகள் வற்புறுத்தின. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முடிவில் இரண்டாயிரத்தை ஒட்டிய தொழிலாளர் வெளியேறினர். பொறுப்பேற்றுக் கீச்சிரோவும் தலைமைப் பதவியைத் துறந்தார். அதே ஜூன் மாதத்தின் 25ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. அமெரிக்கப் படைக்கு லாரிகள் வேண்டுமென்று ஆணைகள் வந்து குவிந்தன. சில வாரங்கள் முன்பு மிகையெனப்பட்ட கைகள் சில வாரங்களில் போதாமலாயின. சந்தையின் மழை எத்துணைக் கணிக்க முடியாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. கீச்சிரோ மீண்டும் தலைமையேற்குமுன் 1952இல் மறைந்தார்.

இவ்வடுவிலிருந்தே தைச்சி ஓனோ என்னும் பொறியாளரின் சிந்தனை வலுப்பெற்றது. விற்காத வண்டியைச் செய்து குவிப்பதே பெருங்கேடு என்று அவர் கண்டார். அமெரிக்காவின் பல்பொருள் அங்காடி அவருக்கு ஓர் உவமையாயிற்று. அங்கே வாடிக்கையாளர் எடுத்த பொருளின் இடம் மட்டுமே மீண்டும் நிரப்பப்படுகிறது. அவ்வாறே, பின்னால் உள்ள பிரிவு எடுத்துக்கொண்ட உதிரிப்பாகத்தை மட்டுமே முன்னால் உள்ள பிரிவு செய்ய வேண்டும். எடுத்ததை அறிவிப்பது 'கான்பன்' என்னும் சிறு அட்டை. ஒரே வகை வண்டியை நாள் முழுதும் செய்து குவிப்பதற்கு மாறாக, இரண்டு சிறிய வண்டி, ஒரு பெரிய வண்டி, ஒரு சரக்கு வண்டி என்று கலந்து செய்யும் சமப்படுத்தல் முறையும் வகுக்கப்பட்டது. இதற்கு அழுத்தியந்திரத்தின் அச்சை அடிக்கடி மாற்ற வேண்டும். மணிக்கணக்கில் நடந்த அம்மாற்றம், இடைவிடாத முயற்சியால், 1970களில் பத்து நிமிடத்துக்குள் அடங்கிற்று. எனவே வாங்குவோரின் மனம் மாறினால், ஆலையை மூடாமலே வரிசையின் கலவையை மாற்றிக்கொள்ள முடிந்தது. ஃபோர்டுக்கு ஆறு மாதம் பிடித்த திருப்பம் இவர்களுக்கு அன்றாடப் பழக்கமாயிற்று.

இம்முறையின் நுட்பத்தை வியவாதிருக்க இயலாது. எனினும், அதன் நிழலையும் பார்த்தல் வேண்டும். நிரந்தரத் தொழிலாளர்க்கு வேலைப் பாதுகாப்பு உறுதியாயிற்று. ஏற்ற இறக்கத்தைத் தாங்கப் பருவத் தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். கமாதா சதோஷி என்னும் இதழாளர் 1972-73இல் ஏறத்தாழ ஆறு மாதம் டொயோட்டாவில் பருவத் தொழிலாளராக உழைத்து, அவ்வாழ்வின் களைப்பையும் தனிமையையும் நூலாக எழுதினார். கிடங்கில் சரக்கு குறைந்தது உண்மை. அதன் இடத்தில் தற்காலிக மனிதர் நிறுத்தப்பட்டனர் என்பதும் உண்மை.

சரக்கில்லாக் கிடங்கு ஒருநாள் தன்னையே சோதித்துக்கொண்டது. 1997 பிப்ரவரி முதல் நாள், ஐசின் நிறுவனத்தின் கரியா நகர் ஆலையில் தீப்பற்றியது. உள்ளங்கையில் அடங்கும் தடைவிசை வால்வு ஒன்றை டொயோட்டாவுக்காக ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் செய்தனர். கையிருப்போ சில மணி நேரத்துக்கே போதுமானது. ஜப்பானில் டொயோட்டாவின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அப்போது பக்கத்து உதிரிப்பாக நிறுவனங்களும், தையற்பொறி செய்யும் நிறுவனம் ஒன்றுங்கூட, அவ்வால்வைச் செய்துதர முன்வந்தன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் உற்பத்தி இயல்புநிலைக்குத் திரும்பிற்று. கிடங்கில் ஏரி இல்லாதபோது நீண்டகால உறவே ஏரியாக நின்றது.

2011 மார்ச்சு 11ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் மின்னணுச் சில்லு செய்யும் ஆலைகளைச் சிதைத்தன. அதன்பின், எளிதிற் பெற முடியாத சில்லுகளைப் பல மாதங்களுக்குச் சேமித்து வைக்குமாறு டொயோட்டா தன் வழங்குநரைக் கேட்டுக்கொண்டது. சரக்கைக் குவிக்காதே என்று உலகுக்குக் கற்பித்த நிறுவனமே, எதனைக் குவிக்க வேண்டும் என்றும் கற்றுக்கொண்டது. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது உலகின் மகிழுந்து நிறுவனங்கள் அவசரமாகச் சில்லு ஆணைகளைக் குறைத்தன. சில்லு ஆலைகள் கணினிக்கும் கைப்பேசிக்கும் திரும்பின. எதிர்பார்த்ததைவிட விரைவில் மகிழுந்து விற்பனை உயிர்த்தெழுந்தபோது, இடம் பறிபோயிருந்தது. 2021இல் உலகெங்கும் ஆலைகள் நின்றன. சேமிப்பின் துணையால் பிறரினும் நெடுநாள் தாக்குப்பிடித்த டொயோட்டாவும், அவ்வாண்டு செப்டம்பரில் தன் திட்டத்தினின்று 40 விழுக்காட்டு உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது.

மற்றொரு வழியும் வரலாற்றில் உண்டு. 1993இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்துக்கு விற்பனை சரிந்து, சுமார் 30,000 பேர் மிகையென்று கணக்கிடப்பட்டது. நிறுவனமும் தொழிற்சங்கமும் பேசின. வாரத்துக்கு 36 மணி நேர வேலை 28.8 மணியாகக் குறைக்கப்பட்டது. நான்கு நாள் வாரம் பிறந்தது. எவரையும் வெளியேற்றுவதில்லை என்று ஒப்பந்தமாயிற்று. ஆண்டு வருவாயில் தொழிலாளர் ஒரு பகுதியை இழந்தனர். ஆயினும், ஆண்டிறுதியில் மொத்தமாக வழங்கப்பட்டு வந்த தொகைகளை மாதங்களுக்குப் பிரித்துச் சேர்த்ததால், மாத ஊதியம் குறையாமல் காக்கப்பட்டது. மதகு திறக்கும் அளவு மாறாதவாறு ஏரியைப் பங்கிட்டனர் எனலாம். சிலர் முழுவதும் மூழ்குவதற்கு மாறாக, எல்லாரும் முழங்காலளவு நனைந்தனர்.

அவ்வேற்பாடும் நிலைபேறுடையதாக இல்லை. மின்வண்டிக்கு மாறும் செலவும் சீன நிறுவனங்களின் போட்டியும் அழுத்த, 1994 முதல் இருந்த வேலை உறுதிமொழியை 2024 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் முறித்தது. வேலைநிறுத்தங்களுக்குப் பின் அவ்வாண்டு டிசம்பரில் புது உடன்பாடு ஏற்பட்டது. 2030க்குள் 35,000க்கு மேற்பட்ட பணியிடங்கள் குறையும். ஆனால் அது கட்டாய வெளியேற்றமாக இராது என்பது அதன் சாரம். இழப்பு தவிர்க்கப்படவில்லை, இழப்பைப் பற்றிப் பேசும் மேசையில் இழப்போர்க்கும் ஓர் இருக்கை இருந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

நம் மண்ணுக்கு வருவோம். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகிய மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலை நகரில், 1990களில் ஃபோர்டு நிறுவனம் காலூன்றியது. 1999இல் 'ஐகான்' வண்டி அங்கிருந்து வெளிவந்தது. தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே தொடர்வண்டியில் செல்லும்போதெல்லாம், அந்நகரைச் சூழ்ந்து வளர்ந்த வீடுகளையும் கடைகளையும் கண்டு மகிழ்ந்தவன் நான். சிறிய, மலிவான வண்டியை நாடும் நம் சந்தையில் அந்நிறுவனத்துக்குப் போதிய இடம் கிட்டவில்லை. பத்தாண்டு இழப்பு 200 கோடி டாலரைத் தாண்டியதாகக் கூறி, 2021 செப்டம்பர் 9ஆம் நாள் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அது அறிவித்தது. குஜராத்தின் சனந்தையும் சேர்த்து ஏறத்தாழ நாலாயிரம் தொழிலாளர் அவ்வறிவிப்புக்கு உள்ளாயினர். இழப்பீட்டுக்காக அவர்கள் போராடினர். 2022 ஜூலையில் மறைமலை நகரின் கடைசி வண்டி வெளிவந்தது.

காற்று மீண்டும் திசை மாறிற்று. ஏற்றுமதிக்காக அவ்வாலையைப் பயன்படுத்த விருப்பம் தெரிவித்து 2024 செப்டம்பரில் தமிழக அரசிடம் அந்நிறுவனம் கடிதம் அளித்தது. 2025 அக்டோபரில் ரூ. 3,250 கோடி முதலீட்டில் புதிய எஞ்சின்கள் செய்வதற்கு உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள், உற்பத்தி 2029இல் தொடங்கும் என்பது திட்டம். மகிழத்தக்க செய்திதான். ஆனால், நிறுவனத்தின் கணக்கேட்டில் 2022க்கும் 2029க்கும் இடைப்பட்டவை ஏழாண்டுகள் மட்டுமே. முப்பத்தைந்து வயதில் வெளியேறிய பொருத்துநர்க்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. அவருடைய மகள் பள்ளியில் சேர்ந்து பாதிப் படிப்பை முடித்திருப்பாள். ஆலைக்குக் காத்திருக்கத் தெரியும். குழந்தைப் பருவத்துக்குக் காத்திருக்கத் தெரியாது.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். தொழில் நடத்துவோர்க்கு இம்மூன்றும் இன்றியமையாதவை. தன் வலியை மட்டும் நம்பிக் காலத்தை அறியாதிருந்தது 1927இன் கதை. காலத்தை அறிந்து தன்னை மாற்றிக்கொண்டது ஓனோவின் கதை. இடத்தின் இயல்போடு பொருந்த இயலாமற் போனது மறைமலை நகரின் கதை. இவற்றோடு வள்ளுவர் நின்றுவிடவில்லை. ஆளைத் தேர்தலும் வினையை ஒப்படைத்தலும் கூறியபின், சுற்றந்தழால் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். வலியும் காலமும் இடமும் அறிந்தவன், தன்னைச் சூழ்ந்து நிற்போரைத் தழுவவும் அறிதல் வேண்டும் என்பதே அவ்வரிசை எனக்கு உணர்த்தும் பொருள்.

உற்பத்தியைக் குறைக்கவே கூடாது என்று எந்த ஆலையையும் நாம் கட்டாயப்படுத்த இயலாது. விற்காத வண்டியைச் செய்வது யாருக்கும் நன்மை தராது. ஆனால், ஏற்ற இறக்கம் எங்கும் மறைந்துபோவதில்லை. அது சரக்கிலோ, பணத்திலோ, நேரத்திலோ, உறவிலோ தேக்கப்பட வேண்டும். அவை யாவற்றையும் வீண்செலவென்று களைந்துவிட்டால், எஞ்சுவது மனிதன் மட்டுமே.

மின்வண்டி, கலப்பு வண்டி, எஞ்சின் வண்டி என்று முத்திசையிலும் இழுபட்டு நிற்கிறது இன்றைய தொழில். எது வெல்லும் என்று வல்லுநரும் துணிந்து கூறார். நம் மாணவர் பலர் அவ்வாலைகளுக்குத்தான் செல்லவிருக்கின்றனர். புதிய தொழிற்சாலை வருகிறது என்றதும், எத்தனை கோடி, எத்தனை வேலை என்று கேட்கிறோம். அவற்றோடு இன்னும் சில கேட்போம்: ஆணை குறையும் மாதத்தில் ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஊதியம் உண்டா? எத்தனை நாள் முன்னறிவிப்பு? வண்டி மாறினால் புதுத்தொழில் கற்பிப்பது யார் பொறுப்பு? குறைப்பைப் பற்றிப் பேசும் மேசையில் தொழிலாளர்க்கு இடம் உண்டா? ஊருக்கு ஏரி வெட்டுவதை மழை வந்தபின் எவரும் தொடங்குவதில்லை; கரை உயர வேண்டிய காலம் கோடையே.